பெயரை நீக்கிவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா?

"உங்கள் தரவு, அடையாளம் நீக்கப்பட்ட பிறகே பயன்படுத்தப்படும்." எந்தச் செயலியை இறக்கினாலும் அதன் நிபந்தனைகளில் எங்காவது இப்படி ஒரு வரி இருக்கும். நாம் படிக்காமலே 'சம்மதம்' அழுத்திவிடுகிறோம். பெயரை எடுத்துவிட்டோம், முகவரியை எடுத்துவிட்டோம், மீதி இருப்பது வெறும் எண்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று நமக்குத் தைரியம் சொல்லும் வரி அது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பெயரை உண்மையிலேயே எடுத்திருப்பார்கள். ஆனால் பெயர் போனால் ஆளும் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை 1990களிலேயே உடைந்துவிட்டது. அது எப்படி உடைந்தது என்று தெரிந்துகொண்டால், இணையத்தில் நம் அந்தரங்கம் எந்த வழியாகக் கசிகிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு ஏற்பாடு செய்யும் ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. 1990களின் நடுவில் அது சுமார் 1,35,000 ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தினரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ச்சிக்காக வெளியே கொடுத்தது. பெயர், வீட்டு முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் (நம்மூர் ஆதார் எண் மாதிரி) எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் கொடுத்தது. நோய், சிகிச்சை, மருந்து போன்ற விவரங்கள் இருந்தன. கூடவே பிறந்த தேதி, பாலினம், ஜிப் கோடு மூன்றும் இருந்தன. ஜிப் கோடு என்பது நம்மூர் பின்கோடு. 'நோயாளிகளின் அந்தரங்கத்துக்கு ஆபத்து இல்லை' என்று அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி.

லடான்யா ஸ்வீனி அப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் மாணவி. அந்த மருத்துவப் பட்டியல் அவரிடம் இருந்தது. ஆளுநர் அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் வசிப்பவர் என்பது ஊருக்கே தெரியும். 1996 மே மாதம் ஒரு பட்டமளிப்பு விழா மேடையில் அவர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் செய்தியாக வந்திருந்தது. ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அதில் பெயர், முகவரி, பிறந்த தேதி, பாலினம், ஜிப் கோடு எல்லாம் உண்டு. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். ஆளுநரின் ஜிப் கோட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். சரி, ஆள் கிடைத்துவிட்டார். அவருடைய மருத்துவப் பதிவை எடுத்து அவர் அலுவலகத்துக்கே ஸ்வீனி அனுப்பி வைத்தார் என்று சொல்வார்கள்.

இந்தக் கதையில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த எல்லோரும் வாக்காளர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத இன்னொருவருக்கும் அதே பிறந்த தேதியும் அதே ஜிப் கோடும் இருந்திருக்கலாம். ஆளுநர் பிரபலமானவர், அவர் மருத்துவமனையில் சேர்ந்த செய்தி வந்திருந்தது என்பதால்தான் விடை இவ்வளவு உறுதியாக இருந்தது என்று பிற்காலத்தில் விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம்தான். ஆனால் ஸ்வீனி ஒரு ஆளுநரோடு நிற்கவில்லை. 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்ததில், பிறந்த தேதி, பாலினம், ஜிப் கோடு ஆகிய மூன்றும் தெரிந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துச் சுட்டிவிடலாம் என்று அவர் கணக்கிட்டார். 2006இல் வேறொருவர் மறுபடி கணக்கிட்டபோது 63 சதவீதம் என்று வந்தது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் பத்தில் ஆறு பேர்.

அடையாளம் என்பது பெயரில் மட்டும் இல்லை

நம் கிராமங்களில் யாரையும் பெயர் சொல்லி விசாரித்தால் சட்டென்று வழி கிடைக்காது. "அதான், தபால் ஆபீசுக்கு எதிர்வீடு, லாரி ஓட்டுவாரே, பெரிய பொண்ணுகூட துபாய்ல நர்ஸு" என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். தபால் ஆபீஸ் பக்கம் குடியிருப்பவர்கள் பல பேர். லாரி ஓட்டுபவர்கள் பல பேர். மகள் துபாயில் இருப்பவர்களும் பல பேர். மூன்றும் பொருந்துபவர் ஒருவர்தான்.

தரவு உலகிலும் இதேதான் நடக்கிறது. ஆதார் எண், பான் எண், கைரேகை மாதிரி நேராக ஒருவரைச் சுட்டுபவை ஒரு வகை. அவற்றை நீக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வயது, பின்கோடு, வேலை, குழந்தைகளின் எண்ணிக்கை, எந்த மாடல் போன், எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறார் என்பவை இன்னொரு வகை. இவற்றை அரை அடையாளங்கள் என்று சொல்லலாம். தனித்தனியாகப் பார்த்தால் யாரையும் காட்டிக்கொடுக்காது. சேர்த்துப் பார்க்கும்போதுதான் வேலை செய்யும். பட்டியலை வெளியிடுபவர் பெரும்பாலும் இவற்றை நீக்குவதே இல்லை. நீக்கினால் ஆராய்ச்சிக்கோ விளம்பரத்துக்கோ அந்தப் பட்டியல் பயன்படாது.

நம்மூர்க் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் சுமார் 19,000 பின்கோடுகள் இருக்கின்றன. மக்கள்தொகையை இதால் வகுத்தால் ஒரு பின்கோட்டுக்குச் சராசரியாக 70,000 பேருக்குக் கொஞ்சம் மேல் வரும். பெண்கள் பாதி, 35,000 என்று வைத்துக்கொள்வோம். பிறந்த தேதி எத்தனை விதமாக இருக்கலாம்? ஆண்டுக்கு 365 நாள், 70 ஆண்டு, மொத்தம் 25,550. 35,000 பேரை 25,550 தேதிகளில் பிரித்துப் போட்டால் ஒரு தேதிக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. பின்கோடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் கொடுத்த ஒரு பெண்ணைத் தேடிப் போனால், பெரும்பாலும் ஒருவரோ இரண்டு மூன்று பேரோதான் மிஞ்சுவார்கள். அவர்களில் யார் என்று பிரிக்க நாலாவதாக ஒரு சின்னத் தகவல் போதும்.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊரில் நடுவயது தாண்டியவர்கள் பலருக்குச் சான்றிதழில் பிறந்த மாதம் மே அல்லது ஜூனாக இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே போட்ட தேதி. அந்தத் தலைமுறைக்கு இதனால் எதிர்பாராத ஒரு பாதுகாப்பு: ஒரே தேதியில் கூட்டமாகப் பிறந்திருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. மருத்துவமனையிலேயே நிமிடக் கணக்காகப் பதிவாகிவிடுகிறது.

வாக்காளர் பட்டியல் நம் நாட்டிலும் பொதுவில்தான் இருக்கிறது. தேர்தல் துறையின் இணையதளத்தில் பாகம் வாரியாக இறக்கிக்கொள்ளலாம். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் அதில் உண்டு. முழுப் பிறந்த தேதி இல்லை என்பது ஓரளவு ஆறுதல். கணினி எளிதாகப் படித்துவிடக் கூடாது என்று 2018 முதல் பக்கங்களைப் படமாக மாற்றிப் போடச் சொன்னார்கள். ஆனால் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள் இப்போது தமிழையும் நன்றாகவே படிக்கின்றன.

தேடியதும் பார்த்ததும் போன இடமும்

2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று நினைத்து ஒரு காரியம் செய்தது. சுமார் ஆறரை லட்சம் பேர் மூன்று மாதத்தில் தேடிய இரண்டு கோடித் தேடல்களை இணையத்தில் போட்டது. பெயருக்குப் பதில் ஆளுக்கு ஓர் எண். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு போய், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் தனியாக இருந்த 62 வயதுப் பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எப்படி முடிந்தது? அவர் தன் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் தேடியிருந்தார். தன் குடும்பப் பெயர் கொண்ட பலரைத் தேடியிருந்தார். விரல்கள் மரத்துப்போவதைப் பற்றித் தேடியிருந்தார். வீடெல்லாம் அசுத்தம் செய்யும் நாயைப் பற்றியும் தேடியிருந்தார். யாரிடமும் சொல்லாததைத்தான் மனிதர்கள் தேடுபெட்டியில் தட்டுகிறார்கள். அந்தப் பட்டியலை நிறுவனம் உடனே எடுத்துவிட்டது, மன்னிப்பும் கேட்டது. ஆனால் அதற்குள் பலர் நகல் எடுத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் தன் படப் பரிந்துரையை மேம்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று போட்டி அறிவித்தது. போட்டியாளர்களுக்காக சுமார் 4,80,000 வாடிக்கையாளர்கள் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களை, பெயர் நீக்கி, வெளியிட்டது. ஒருவர் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போட்டார், எந்தத் தேதியில் போட்டார், அவ்வளவுதான் அதில் இருந்தது. இதில் என்ன அந்தரங்கம் இருக்கப்போகிறது என்று தோன்றும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் நாராயணனும் விடாலி ஷ்மாட்டிகோவும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால் போதும். அதில் இரண்டு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி இரண்டு வாரம் முன்பின்னாக இருந்தாலும் பரவாயில்லை, 99 சதவீதப் பதிவுகளைத் தனித்துப் பிடித்துவிடலாம். ஐ.எம்.டி.பி. என்ற திரைப்படத் தகவல் தளத்தில் சொந்தப் பெயரில் விமர்சனம் எழுதியவர்களோடு ஒப்பிட்டு இரண்டு பேரை அப்படிப் பிடித்தும் காட்டினார்கள். ஒருவர் பார்க்கும் படங்களிலிருந்து அவருடைய அரசியல், மத நம்பிக்கை, பாலியல் நாட்டம் வரை ஊகிக்க முடியும். வழக்கு வந்தது. 2010இல் நெட்ஃபிளிக்ஸ் இரண்டாவது போட்டியைக் கைவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய காட்டிக்கொடுப்பான், நாம் போன இடங்களின் பட்டியல்தான். பெயர் இல்லாத ஒரு போனின் ஒரு வார நடமாட்டம் உங்கள் கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். இரவு பதினொன்றரை முதல் காலை ஆறு வரை வேளச்சேரியில் ஒரு குறிப்பிட்ட கட்டடம். அது வீடு. காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை கிண்டியில் ஓர் அலுவலகம். அந்தக் கட்டடத்தில் தூங்கி இந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் எத்தனை பேர் இருக்க முடியும்? ஆள் யார் என்பது இங்கேயே முடிந்துவிட்டது. அப்புறம் மற்ற வரிகளைப் படிக்கலாம். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு மனநல மருத்துவரின் கிளினிக். வியாழன் மதியம் போட்டி நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம், இன்டர்வியூவாகத்தான் இருக்கும். சனி இரவு வீட்டில் இல்லை.

இது கற்பனைதான், ஆனால் கணக்கு கற்பனை இல்லை. ஐரோப்பாவில் 15 லட்சம் செல்போன்களின் 15 மாத நடமாட்டத்தை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒருவர் எந்த நேரத்தில் எந்த டவரின் எல்லையில் இருந்தார் என்று நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைப் பிரித்தெடுத்துவிடலாம் என்றது அது. டவர் அளவுக்குத் துல்லியம் இருந்தபோதே இப்படி. இன்று செயலிகள் ஜி.பி.எஸ். மூலம் சில மீட்டர் துல்லியத்தில் எடுக்கின்றன. வானிலை சொல்லும் செயலி, டார்ச் விளக்குச் செயலி என்று சாதுவாக இருப்பவைகூட இடத்தைக் கேட்டு வாங்கி விற்றிருக்கின்றன. 2019 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸுக்குக் கிடைத்த ஒரே ஒரு கோப்பில் 1.2 கோடி அமெரிக்கர்களின் போன்களிலிருந்து எடுத்த 5,000 கோடி இடப் புள்ளிகள் இருந்தன. இதைச் சேர்த்தது உளவுத்துறை இல்லை, பெயர் கேள்விப்படாத ஒரு தனியார் கம்பெனி.

உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா 2017இல் தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடம் போட்டது. அதில் தனி ஆள் யாருமே இல்லை, மொத்தக் கூட்டத்தின் தடம் மட்டும்தான். 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பார்த்து ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனங்களில் இருட்டுக்கு நடுவே சின்னச் சின்னதாக மின்னும் செவ்வகங்கள், ராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் தினமும் ஓடிய தடங்கள்.

பில் கவுன்டரில் கேட்கும் பத்து இலக்கம்

நம் ஊரில் இரண்டு பட்டியலை இணைக்க இவ்வளவு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. எல்லாப் பட்டியலிலும் ஒரே சாவி தொங்குகிறது. மொபைல் எண்.

"நம்பர் சொல்லுங்க மேடம்."

"எதுக்குப்பா?"

"பில் போடணும்ல மேடம். நம்பர் போடலைன்னா சிஸ்டம் அடுத்த பக்கம் போகாது."

பின்னால் வரிசை நிற்கும். பத்து இலக்கத்தை உரக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பின்னால் நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மருந்துக் கடை, துணிக்கடை, செருப்புக் கடை, ஹோட்டல், கேஸ் ஏஜென்சி, பிள்ளையின் டியூஷன் என்று எல்லா இடத்திலும் அதே எண். மருந்துக் கடைக்கு நாம் வாங்கும் சர்க்கரை மாத்திரை மட்டும் தெரியும், துணிக்கடைக்குப் பட்ஜெட் மட்டும் தெரியும். இரண்டு பட்டியலும் ஒரே கைக்குப் போனால், எண்ணை வைத்து ஒரு நொடியில் ஒட்டிவிடலாம். எண் கொடுத்தால்தான் பொருள் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுரை சொன்னது. கவுன்டரில் இருக்கும் பையனுக்கு அது தெரியாது. அவன் மேல் கோபப்பட்டும் பயனில்லை. மென்பொருளை அப்படி வாங்கி வைத்தது முதலாளி.

இந்தச் சாவி எப்படி வேலை செய்யும் என்பதை 2023 ஜூனில் நாடே பார்த்தது. டெலிகிராமில் 'பாட்' எனப்படும் ஒரு தானியங்கிக் கணக்குக்கு யாருடைய மொபைல் எண்ணை அனுப்பினாலும், கொரோனா தடுப்பூசிக்காக அவர் பதிவு செய்த பெயர், கொடுத்த அடையாள அட்டையின் எண், ஊசி போட்ட இடம் என்று திருப்பி அனுப்பியது. கோவின் தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என்று அரசு மறுத்தது. எங்கிருந்து வந்ததோ, எண்ணைத் தட்டினால் ஆள் வந்தார்.

"நாங்கள் எண்ணை அப்படியே வைப்பதில்லை, ஹாஷ் செய்துதான் வைக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். ஹாஷ் என்பது ஒரு எண்ணை அர்த்தமில்லாத நீண்ட எழுத்துக்கோவையாக மாற்றும் கணித முறை. கோவையிலிருந்து பின்னோக்கிப் போய் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னோக்கிப் போக வேண்டிய தேவையே இல்லை. இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள்தான். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு கேமிங் கணினிக்கு அசராத வேலை. நியூயார்க் நகரம் 2013இன் 17 கோடிக்கும் மேலான டாக்சிப் பயணங்களின் விவரத்தை வண்டி எண்ணை இப்படி ஹாஷ் செய்து கொடுத்தபோது, 2014இல் ஒரு மென்பொருள் பொறியாளர் சில மணி நேரத்தில் அத்தனை வண்டி எண்களையும் திரும்ப எடுத்துவிட்டார். பிரபலங்கள் டாக்சி ஏறும் பத்திரிகைப் படங்களில் வண்டி எண் தெரியுமே. அதை வைத்து அவர்கள் எங்கே போனார்கள், எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார்கள் என்று இன்னொருவர் தேடிப் பார்த்தார். ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே கோவைதான் வரும் என்பதால், கோவையே புதுப் பெயர் ஆகிவிடுகிறது. விளம்பர நிறுவனங்கள் கடைகளின் வாடிக்கையாளர் பட்டியலை ஹாஷாக வாங்கித் தங்கள் பயனர்களோடு பொருத்துவதும் இதே வசதியில்தான்.

கூட்டத்தில் மறைவதும், நாணயம் சுண்டுவதும்

அப்படியானால் தரவையே யாருக்கும் கொடுக்கக் கூடாதா? டெங்கு எங்கே பரவுகிறது என்று தெரிய மருத்துவத் தரவு வேண்டும். பேருந்து எந்தத் தடத்தில் போதவில்லை என்று தெரிய நடமாட்டத் தரவு வேண்டும். அதனால் கணினி அறிஞர்கள் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வழி ஸ்வீனியே முன்வைத்தது, பெயர் கே-அனானிமிட்டி. அரை அடையாளங்களை மங்கலாக்குவதுதான் யோசனை. வயது 43 என்பதற்குப் பதில் 40 முதல் 50. பின்கோடு முழுதாக இல்லாமல் 625 என்று முதல் மூன்று இலக்கம் மட்டும், அதாவது மதுரை வட்டாரம். ஒவ்வொரு வரியும் குறைந்தது இத்தனை பேருக்குப் பொருந்த வேண்டும், ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம், என்பது விதி. நீங்கள் ஐந்தில் ஒருவர், யார் என்று தெரியாது. நல்ல யோசனை, ஆனால் போதாது. அந்த ஐந்து பேருக்குமே காசநோய் என்று பட்டியலில் இருந்தால்? ஐந்தில் நீங்கள் யார் என்று தெரியாவிட்டாலும், உங்களுக்குக் காசநோய் என்பது தெரிந்துவிட்டது.

இரண்டாவது வழி அழகானது. அதன் வேர் 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் சொன்ன ஒரு யோசனையில் இருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு கேள்வி: "போன தேர்தலில் ஓட்டுக்குப் பணம் வாங்கினீர்களா?" நேராகக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அதனால் இப்படிச் சொல்கிறோம்: எனக்குக் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் உண்மையைச் சொல்லுங்கள். பூ விழுந்தால் இன்னொரு முறை சுண்டுங்கள். அதில் தலை என்றால் 'ஆம்', பூ என்றால் 'இல்லை' என்று, உண்மை எதுவானாலும், சொல்லிவிடுங்கள்.

இப்போது ஒருவர் 'ஆம்' என்றால் அவர் பணம் வாங்கினார் என்று யாராலும் சொல்ல முடியாது. நாணயம் சொல்ல வைத்திருக்கலாம். ஆனால் ஊரின் மொத்தக் கணக்கு கிடைத்துவிடும். 1,000 பேரிடம் கேட்டு 340 பேர் 'ஆம்' என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 500 பேருக்கு முதல் சுண்டலில் பூ விழுந்திருக்கும், அவர்களில் பாதி, 250 பேர், நாணயத்தால் 'ஆம்' சொல்லியிருப்பார்கள். 340இல் 250 போக மீதி 90. உண்மை சொன்ன 500 பேரில் 90 பேர், அதாவது 18 சதவீதம். ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டோம், ஆளைப் பற்றி எதுவும் தெரியாது.

சிந்தியா டுவார்க்கும் மூன்று சக ஆய்வாளர்களும் 2006இல் 'டிஃபரென்ஷியல் பிரைவசி' என்ற பெயரில் கொடுத்த இலக்கணமும் இந்தப் பாதையில் வருவதுதான். வெளியிடும் விடையில் அளந்து கொஞ்சம் தற்செயல் பிழையைக் கலப்பது. நீங்கள் அந்தப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. 2016 முதல் ஆப்பிள் எந்த எமோஜி அதிகம் புழங்குகிறது என்பது போன்றவற்றைக் கணக்கெடுக்க இதைப் பயன்படுத்துகிறது. அமெரிக்க மக்கள்தொகைத் துறை 2020 கணக்கெடுப்பில் இதைக் கொண்டுவந்தது. காரணம், 2010 கணக்கெடுப்பில் தான் வெளியிட்ட அட்டவணைகளை வைத்தே தனி ஆட்களின் பதிவுகளை மீட்க முடிகிறதா என்று அந்தத் துறையே சோதித்துப் பார்த்தது. பெயர் இல்லாத வெறும் மொத்தக் கணக்குகள்தான் அவை. அப்படியும் 46 சதவீதம் பேரின் பதிவுகளை அச்சுப் பிசகாமல் திரும்ப உருவாக்க முடிந்தது. வணிகப் பட்டியல்களோடு ஒப்பிட்டு 17 சதவீதம் பேரை, அதாவது 5 கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பெயரோடு உறுதி செய்யவும் முடிந்தது.

இதற்கும் விலை உண்டு. பிழை கலந்தால் சிறிய ஊர்களின் கணக்கு பிசகும், ஒரு சிற்றூரில் எத்தனை முதியவர்கள் என்ற எண் தப்பாக வரும் என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது. அந்தரங்கத்தைக் கூட்டினால் துல்லியம் குறையும். இரண்டும் முழுதாக வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் நான் சந்தேகப்படுவேன்.

சட்டம் எங்கே நிற்கிறது

ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதம் தள்ளி, 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. எந்தத் தகவலை வைத்து ஒருவரை அடையாளம் காண முடியுமோ அதெல்லாம் அவருடைய தனிநபர் தரவு என்று சட்டம் சொல்கிறது. பெயர் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. அந்த அளவில் நல்ல வரையறை.

ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. பெயர் நீக்கிய தரவிலிருந்து ஒருவரை வேண்டுமென்றே மறுபடி கண்டுபிடிப்பது குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை என்று 2019 மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. 2023 சட்டத்தில் அது இல்லை. நல்ல எண்ணத்தோடு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஆய்வாளர்களை அது மாட்டிவிடும் என்ற கவலையில் நியாயம் உண்டு. அவர்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டுப் பிரிவை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

நாம் செய்ய முடிந்தது

சாவியை ஊரெல்லாம் கொடுக்காமல் இருப்பது முதல் வேலை. கடையில் எண் கேட்டால் "நம்பர் இல்லாம போடுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பாதி இடங்களில் பூஜ்யங்களைத் தட்டிவிட்டு பில் வந்துவிடும். வங்கிக்கும் ஆதாருக்கும் ஓர் எண், கடை, டெலிவரி, விளம்பரத்துக்கெல்லாம் வேறோர் எண் என்று பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. பட்டியல்கள் அப்போது ஒட்டாது. ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக் கொடுக்கலாம்.

போனில் இடத்துக்கான அனுமதிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். டாக்சி செயலிக்குத் துல்லியமான இடம் வேண்டும், பயன்படுத்தும்போது மட்டும். வானிலைக்கு 'தோராயமான இடம்' போதும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அதைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. விளையாட்டுக்கும் கால்குலேட்டருக்கும் எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் கூகுள் அமைப்புகளுக்குள் 'விளம்பரங்கள்' பகுதியில் விளம்பர ஐடியை நீக்கும் வழி உண்டு. செயலிகள் தங்களிடம் உள்ளதை ஒன்றோடொன்று ஒட்ட உதவும் எண் அது. ஐபோனில் 'கண்காணிக்க அனுமதிக்கவா' என்று கேட்கும்போது வேண்டாம் என்றால் அதே வேலை நடக்கும்.

வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பும் படத்திலிருந்து எடுத்த இடத்தின் விவரம் நீங்கிவிடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் இடம், நேரம் எல்லாம் அப்படியே கூடப் போகும். வீடு விற்பனைக்கு, பொருள் விற்பனைக்கு என்று அந்நியருக்குப் படம் அனுப்பும்போது இதைக் கவனியுங்கள்.

அழைப்பவர் யார் என்று காட்டும் செயலிகளை நீங்கள் போடாவிட்டாலும், உங்கள் நண்பர் போட்டுத் தன் தொடர்புப் பட்டியலைக் கொடுத்திருந்தால் உங்கள் எண்ணும் பெயரும் அங்கே போயிருக்கும். அவர் உங்களை 'ராஜா எல்.ஐ.சி.' என்று சேமித்திருந்தால் உங்கள் தொழிலும் போயிருக்கும். நாமும் இதே மாதிரி பிறருடைய விவரத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். குடியிருப்போர் சங்கம், பள்ளி வேன், கோயில் திருப்பணி என்று ஏதாவது ஒரு பட்டியலை எக்செலில் தயாரித்து நூறு பேர் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போடுகிறோம். பெயர், வீட்டு எண், பிறந்த தேதி, ரத்த வகை, மொபைல், பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டதெல்லாம் அதில் இருக்கும். குழுவுக்குத் தேவை பெயரும் கட்டிய தொகையும் என்றால் அந்த இரண்டு நெடுவரிசையை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி அனுப்புங்கள். மற்றவற்றை 'மறை' என்று கொடுத்துவிட்டு அதே கோப்பை அனுப்பாதீர்கள். பெறுபவர் வலது கிளிக் செய்து 'மறைத்ததைக் காட்டு' என்றால் அத்தனையும் திரும்ப வந்துவிடும்.